உயிர்ச் சுண்ணாம்பு

சுட்டெடுத்த சுண்ணாம்புக் கல்லுக்குத் தண்ணீர் விடுவதற்கு ஊருக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சிலர் நீற்றுவது என்பார்கள், சிலர் தாளிப்பது என்பார்கள். அணைக்கட்டு வேலைக்கு வந்த ருஷ்யக்காரர்கள் விளக்கை அணைப்பது போல அணைப்பது என்பார்கள். எங்கள் ஊர் சங்தாராவில் அதற்குப் பெயர் கொல்வது. காளவாயிலிருந்து வெளியே வரும் கல் உயிர்ச் சுண்ணாம்பு. தண்ணீர் விட்டுக் கொன்ற பிறகு அது செத்த சுண்ணாம்பு. செத்ததைக் குழியில் இறக்கி, மேலே மணல் மூடி, வேண்டும்வரை புதைத்து வைப்போம். பஞ்சகெந்த் சந்தையில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்து, "இந்த வருஷம் எத்தனை கொன்னே?" "ரெண்டு குழி" என்று பேசிக்கொண்டால் வெளியூர்க்காரன் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான்.

நான் கூட்டுப்பண்ணையின் லாரி ஓட்டுகிறவன், பெயர் எர்காஷ். நவ்ரோஸ் பண்டிகைக்கு முன்னால் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து வாதுமை மரத்தின் அடிமரம் வரை இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாம் வெள்ளையாக வேண்டும். அந்த வெள்ளையை வீடுவீடாகக் கொண்டுபோய்ப் போடுகிறவன் நான். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் வாய் பிளந்துதான் நிற்கிறேன். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும் கல். பனி உருகி வரும் வாய்க்கால் தண்ணீர், அதுவும் விரல் விறைக்கும் குளிர். இரண்டையும் சேர்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது. கல் சும்மா கிடக்கும். பிறகு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். ஒரு விரிசல் விழும். அதற்கப்புறம் விறகு இல்லாமல், தீ இல்லாமல், தளதளவென்று கொதிக்கும். இரண்டு குளிர்ச்சிக்கு நடுவில் இவ்வளவு சூடு எங்கே ஒளிந்திருந்தது என்று யாராவது எனக்கு விளங்கும்படி சொல்லிவிட்டால் அவனுக்கு என் லாரியையே கொடுத்துவிடுவேன், பண்ணைத் தலைவர் சம்மதித்தால்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு ஏற்றுவதற்காக ஹம்ரோகுல் வீட்டுக்குப் போனேன். காளவாய்க்காரக் குடும்பம். என்னைவிட இளையவன், கையெல்லாம் சுட்ட தழும்பு, பேச்சு குறைவு. போனவுடன் அவன் சுண்ணாம்புக் குழியை எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. வீட்டுச் சுவரை ஒட்டிய கொட்டகையில் சுட்ட கல் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. எல்லாம் உயிரோடு.

"என்னடா இது, இன்னும் கொல்லலையா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. பச்சப் புள்ள இருக்கிற வீடு."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நவ்ரோஸ் தாண்டித்தான் பிள்ளை பிறக்கும் என்று கணக்குப் போட்டு அவன் காளவாயை மூட்டியிருக்கிறான். கல் ஆறி, கொட்டகைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே அவன் மனைவி சனவ்பருக்கு வலி எடுத்துவிட்டது. ஒரு மாதம் முன்னாலேயே பெண் குழந்தை. பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிள்ளை பிறந்த வீட்டில் நாற்பது நாள் காவல் உண்டு. தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. அந்த வீட்டில் எதையும் கொல்லக் கூடாது. கோழி அறுப்பதில்லை, பச்சைக் கறியை வாசற்படிக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவதில்லை. மற்ற வீடுகளுக்கு அத்தோடு சரி. காளவாய்க்காரர்களுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் சுண்ணாம்பும் உண்டு. கொல்வது என்று பெயர் வைத்துவிட்ட பிறகு கோழி என்ன, கல் என்ன.

"நாப்பது நாளும் இதை இப்படியேவா வச்சிருக்கப் போற? இது பங்குனி வானம்டா. ஒரு மழை போதும்."

"மூடி வச்சிருக்கேன்."

"நான் கொன்னு தர்றேன். நீ மலைப்பக்கம் போயிட்டு வா. உனக்கும் பாவமில்ல, எனக்கும் வேலை முடியும்."

"கை யாரோடதுங்கிறது கணக்கில்லண்ணே. எந்த வீட்டு முத்தங்கிறதுதான் கணக்கு."

"அப்ப உயிரோடயே லாரியில ஏத்து. கொண்டுபோய் வேற எங்கயாவது கொல்றேன்."

அவன் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தான். மேற்கே மேகம் கன்னங்கரேலென்று இறங்கிக்கொண்டிருந்தது. நடுவழியில் மழை பிடித்தால் உயிர்ச் சுண்ணாம்பு ஏற்றிய லாரி எரிகிற அடுப்பாகிவிடும். எனக்கும் அது தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேருமாகக் கொட்டகைக் கூரையில் ஏறி, லாரித் தார்ப்பாயை வைக்கோல் மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். இடுப்பில் கைப்பிள்ளையோடு பக்கத்து வீட்டுத் துஹ்ஃபா வந்து வேடிக்கை பார்த்தாள். அந்தத் தெருவில் அவள் வாய்க்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை.

"எர்காஷண்ணே, தார்ப்பாயைக் கொஞ்சம் இழுத்து உங்க தலைக்கும் போட்டுக்கங்க. வழுக்கையில தண்ணி பட்டாலும் கொதிக்கும்."

"உன் நாக்குல ஒரு கல்லை வச்சாப் போதும் தாயி. தண்ணி தேவைப்படாது."

அவள் சிரித்துக்கொண்டே, உள்ளே பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் போனாள். நாங்கள் கீழே இறங்கி முற்றத்து மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்தோம். ஹம்ரோகுல் பால் தேநீரில் வெண்ணெயும் உப்பும் போட்டு, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். தன் கிண்ணத்தை அவன் தொடவில்லை.

"நீங்க என்னைக் கோட்டிக்காரன்னு நினைப்பீங்க" என்றான்.

"நினைக்கிறதென்ன, சொல்லவே செய்றேன்."

"மொதப் புள்ள இருந்த நாப்பதுலதான் நான் ஒரு குழி கொன்னேன். சின்ன வயசு, அதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சேன். புள்ள தங்கல. அடுத்தவன் பொறந்தப்ப இங்க ஒரு கல்லைக்கூடத் தொடலண்ணே. ஆனா எங்க சித்தப்பா கூப்பிட்டாருன்னு அவரு முத்தத்துக்குப் போயி ஒத்தாசை பண்ணேன். பூட்ஸ்ல அந்தச் சேறோட வீட்டுக்கு வந்துட்டேன். அவனும் போயிட்டான்." கையிலிருந்த ரொட்டியைத் துணியில் திருப்பி வைத்தான். "ரெண்டையும் நான்தான் கொன்னேன். மூணாவதையும் கொல்லச் சொல்றீங்களா?"

இப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் வருஷக்கணக்காக என் லாரியில் கல் ஏற்றியிருக்கிறான், நான் அவனிடம் எண்ணெய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சனவ்பருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்றான்.

துஹ்ஃபா வெளியே வந்து, தூறல் விழுகிறது என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடிப்போனாள். சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலைச்சரிவில் பனி இன்னும் கிடந்த காலம். மேலே விழுகிற மழை பனியையும் கரைத்துக்கொண்டு இறங்கும். தார்ப்பாய் அசையவில்லை, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இரண்டு பேரும் கொட்டகை ஓரத்தில் ஒதுங்கி நின்று கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வானத்தை மூடினோம், தரையை மறந்துவிட்டோம். சரிவிலிருந்து வந்த தண்ணீர் பின்பக்க மண்ணை அரித்துக்கொண்டு குவியலுக்கு அடியில் புகுந்துவிட்டது. முதலில் அந்த உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

ஹம்ரோகுல் முகம் வெளுத்துப் போயிற்று.

சுண்ணாம்புக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து அடங்கும். அரைகுறையாகக் குடிக்கக் கொடுத்தால்தான் ஆபத்து. ஆவியாகப் போவதற்குத் தண்ணீர் இல்லாமல் சூடு கல்லுக்குள்ளேயே ஏறும். குவியலின் அடி படபடவென்று வெடித்தது. நடுவிலிருந்து ஒரு கல் இரண்டாகப் பிளந்து உருண்டது. தரையில் பரப்பியிருந்த வைக்கோல் கருகுகிற வாடை வந்தது. நெட்டிலிங்கக் கம்பம் ஒன்று அடியில் புகைய ஆரம்பித்தது. அந்தக் கம்பம் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில்.

"வாளியை எடுடா" என்றேன்.

எடுத்தான். வாய்க்காலில் முக்கினான். குவியலுக்கு முன்னால் வந்து நின்றான். கை மேலே எழும்பவில்லை.

"ஊத்து."

"என்னால முடியாதுண்ணே."

"வீடு பத்திக்கும். உள்ள ரெண்டு உசுரு இருக்கு."

"ஊத்தினாலும் போயிரும், ஊத்தாட்டியும் போயிரும். நான் என்ன செய்ய?"

நான் வாளியைப் பிடுங்கப் பார்த்தேன். அவன் விடவில்லை. இரண்டு கிழட்டுக் கடாக்கள் மாதிரி மழையில் மல்லுக்கட்டினோம், தண்ணீர் எங்கள் பூட்ஸில்தான் கொட்டியது. அப்போது வீட்டுக் கதவு திறந்தது. சனவ்பர், போர்வையில் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எங்களைவிட அவள்தான் நிதானமாக இருந்தாள்.

"சுவரு சுடுது. தொட்டிலை நகத்தி வச்சேன், அங்கயும் சுடுது."

"நீ ஏன் படிக்கு வந்த? நாப்பது முடியல. உள்ள போ" என்றான் ஹம்ரோகுல்.

"உள்ள போயி? தந்தூர்ல ஒட்டின ரொட்டியாட்டம் வேகவா?"

படியைத் தாண்டிவிட்டாள். நேராக என்னிடம் வந்து பிள்ளையை என் கையில் வைத்தாள்.

"தலையைத் தாங்கிப் புடிங்கண்ணே. இது ஸ்டியரிங் இல்ல."

என் மேல்கோட்டுக்குள் பிள்ளையை விட்டுப் பொத்தானைப் போட்டேன். கனமே இல்லை. சனவ்பர் முக்காட்டைக் கழற்றி மூக்கும் வாயும் மறையக் கட்டிக்கொண்டு, சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். அவள் எங்கே போகிறாள் என்று புரிந்ததும் ஹம்ரோகுல் குறுக்கே போய் நின்றான்.

"வேணாம் சனவ்பர். கொல்லாத. எங்கிட்ட இருந்து எதை வேணா கேளு, இன்னைக்கு மட்டும் கொல்லாத."

"யாரு கொல்லப் போறா?"

"பின்ன இதுக்குப் பேரு என்ன?"

"உங்க ஊர்ல கொல்றது. எங்க ஊர்ல பூக்க வைக்கிறது."

அவள் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரி. அங்கேயும் காளவாய் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவர்கள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"புதுசா வந்தப்ப ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிட்டேன், சுண்ணாம்பு பூத்துருச்சான்னு. உங்க வீட்டுல அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன். எனக்கு எதுக்கு வம்பு?"

"உசிருள்ளதுதான கடிக்கும்" என்றான் அவன், ஏதோ வழக்கில் சாட்சி சொல்கிறவன் மாதிரி. "இதைத் தொட்டா கடிக்குது. தண்ணி விட்டா அடங்கிப் போகுது. அப்ப செத்துப்போச்சுன்னுதான அர்த்தம்? அதனாலதான அப்படிப் பேரு வச்சாங்க?"

"தண்ணியில்ல, தீதான் கொல்லுது. கல்லுக்குள்ள இருக்கிறதையெல்லாம் காளவாய் உறிஞ்சிருது. அங்கயே அது செத்துருது. நீங்க வெளியில எடுக்கிறது பொணம். கடிக்கிறது கோபத்துல இல்லங்க, தாகத்துல. தண்ணி குடுத்தாத்தான் அது எந்திரிக்கும். எங்க ஊர்ல புள்ள பொறந்த வீட்டுலதான் மொதக் கல்லைப் பூக்க வைப்பாங்க. தள்ளுங்க."

அவன் தள்ளி நிற்கவில்லை. அவள் சுற்றிக்கொண்டு போனாள். முற்றத்தின் ஓரமாக ஓடிய வாய்க்காலின் கரையில் ஓங்கி வெட்டினாள். பச்சை உடம்புக்காரி. இரண்டாவது வெட்டில் தள்ளாடி, மண்வெட்டியை ஊன்றி நின்று, மூன்றாவதும் வெட்டினாள். கரை உடைந்தது. மழையில் பெருகியிருந்த வாய்க்கால் முழுசாகத் திரும்பிக் கொட்டகைக்குள் பாய்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வது? சுண்ணாம்பை எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியில் போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு காளவாய்க் கல் முழுவதும் ஒரே நேரத்தில் குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெருமூச்சு போல ஒரு சத்தம் எழுந்தது, பூட்ஸ் வழியாக என் காலுக்கு அதிர்வு ஏறியது. ஆவி கூரையை முட்டி, தார்ப்பாயை உப்ப வைத்து, பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு மல்பெரி மரத்துக்கு மேலே போயிற்று. உள்ளே கற்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. சாம்பல் நிறத்தில் முட்டு முட்டாகக் கிடந்தவை மெல்லப் பருத்து, ஏடு ஏடாக விரிந்து, இதழ் பிரிந்து, நடுவிலிருந்து கண் கூசுகிற வெள்ளை வெளியே வந்தது. ஒரு கல் பூத்து உதிர்வதற்குள் பக்கத்தில் இன்னொன்று. குவியல் குறையவே இல்லை, வளர்ந்தது. கொன்ற எதுவும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், சாவு என்று நினைத்தே பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டு, கோட்டுக்குள் அந்தக் குருவிக் குஞ்சின் மூச்சு நெஞ்சில் படப்பட, கடவுளுக்குப் பக்கத்தில் தவறுதலாக வந்து நின்றுவிட்டவன் மாதிரி நின்றேன்.

சனவ்பர் மண்வெட்டியால் குவியலைக் கிளறி, தண்ணீர் போகாத இடத்துக்கு வழி வெட்டினாள். முகத்துணிக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கம்பத்தின் புகை அடங்கிவிட்டது. ஆவியில் அவள் உருவம் மறைந்து மறைந்து தெரிந்தது. ஹம்ரோகுல் கிட்டே போனான்.

"என்ன சொல்ற?"

"பூத்துரு, பூத்துருன்னு சொல்லிக்கிட்டே கிளறணும். எங்க வழக்கம்."

அவன் அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். சட்டைக் கையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஒரு முறை கிளறினான். எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் முறை கிளறும்போது அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு பழகிய வேலைக்காரனாக ஓரத்திலிருந்து ஒழுங்காக இழுத்து இழுத்துக் கிளற ஆரம்பித்தான்.

மழை விட்டது. உடைந்த கரையை நான் ஒரு கையாலேயே கல்லையும் புல்கட்டியையும் போட்டு அடைத்தேன், மற்றக் கை கோட்டுக்குள் இருந்தது. கொட்டகை முழுக்க வெள்ளைக் கூழ் மெதுவாகக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. சனவ்பர் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். சுவரில் இன்னும் சூடு இருந்தது, அவள் துணியிலிருந்து ஆவி வந்தது. ஹம்ரோகுல் அவளுக்கு முன்னால் நின்றான்.

"அப்ப அது ரெண்டும்" என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். மறுபடியும் ஆரம்பித்தான். "மொத ரெண்டு புள்ளைங்களும். நான் கொன்னதால இல்லையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதைக் கொன்னீங்க?"

மல்பெரி மரத்தடியில் என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னான். குழியைச் சொன்னான், சித்தப்பா முற்றத்தைச் சொன்னான், பூட்ஸ் சேற்றைச் சொன்னான். நான் நகர்ந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பிள்ளை என்னிடம் இருந்ததால் அதற்கும் வழியில்லை.

"நான் என் பாலுன்னுல்ல நினைச்சேன்" என்றாள்.

"என்ன பாலு?"

"என் பாலுதான் ரெண்டு புள்ளைக்கும் விஷமாப் போச்சுன்னு. ரெண்டும் என்கிட்டக் குடிச்சுதான போச்சு. அதான் இவளுக்கு நான் குடுக்கல. பால் ஊறலன்னு துஹ்ஃபாகிட்டப் பொய் சொன்னேன். அவதான் வந்து வந்து குடுத்துட்டுப் போறா. ராவுல எந்திரிச்சு நான் சாம்பல்ல பீய்ச்சி விடுவேன்."

அவள் சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்தது என்று நினைத்திருந்தேன். நாங்கள் எல்லோருமே நனைந்துதான் இருந்தோம்.

ஹம்ரோகுல் அப்படியே குந்தி உட்கார்ந்தான். ஒரு கூரைக்குக் கீழே, ஒரே விரிப்பில் படுத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு கொலையை வருஷக்கணக்காக ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். கோட்டுக்குள் பிள்ளை விழித்துக்கொண்டு என் சட்டையை வாயால் தேடியது, கிடைக்காமல் அழ ஆரம்பித்தது. அழுகையும் சின்னதுதான்.

"குடுங்கண்ணே" என்றாள் சனவ்பர்.

பொத்தானை அவிழ்த்துப் பிள்ளையைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். ஹம்ரோகுலும் எழுந்து, எனக்குப் பக்கத்தில் வந்து, கொட்டகையைப் பார்த்து நின்றான். முதுகுப்பக்கம் அழுகை இன்னும் இரண்டு மூன்று முறை வந்து, பிறகு சட்டென்று நின்றுபோயிற்று. அவன் மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடித்தான். திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன சத்தத்தைக் காணோம்?" என்றான்.

"குடிக்குது" என்றாள்.